முதல் பிச்சை

சென்ற ஆண்டு ஐப்பசி மாதம், மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு மாலையில் இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எங்கள் ஊர்க் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் காரியதரிசி. ஆறாம் வகுப்பில் எனக்குப் பூகோளம் சொல்லிக் கொடுத்தவர். மற்றவர் இருபத்தைந்து வயது இளைஞர், சங்கத்தின் பொருளாளர். மழையில் நனையாமல் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு ரசீதுப் புத்தகத்தைக் கொண்டுவந்திருந்தார்.

நன்கொடை கேட்க வருகிறவர்களை அவர்கள் உட்காரும் விதத்திலேயே கண்டுகொள்ளலாம். நாற்காலியின் நுனியில்தான் உட்காருவார்கள். வீட்டுப் பிள்ளைகளை அளவுக்கு மீறி விசாரிப்பார்கள். காப்பி வந்தால், "எதற்கு இந்தச் சிரமம்?" என்பார்கள். எங்கள் சாரும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். பிரம்பும் கையுமாக உலக உருண்டையைச் சுழற்றிய மனிதர், என் வீட்டு நாற்காலியின் நுனியில் உட்காருவதாவது!

"நல்லாச் சாய்ஞ்சு உட்காருங்க, சார்" என்றேன்.

ரசீதுப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். ஒன்றாம் எண் முதல் நூறாம் எண் வரை எல்லாத் தாளும் வெறுமையாக இருந்தன.

"இன்னும் ஒண்ணுகூடக் கிழிக்கலையா, சார்?"

"அதுக்குத்தான் தம்பி வந்தோம். ஒண்ணாம் நம்பர் ரசீதுல யார் பேரை எழுதுறதுங்கறதுலதான் சங்கமே ரெண்டா நிக்குது" என்றார் அவர்.

அந்தச் சங்கத்தைப் பற்றி வாசகர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தாமிரவருணிக் கரையில் எங்கள் ஊர்க் கோவிலை ஒட்டி, ஓடு வேய்ந்த நீண்ட ஒற்றை அறை ஒன்று இருக்கிறது. அதன் முன்னால் வாலிபால் ஆடும் இடம். உள்ளே இரண்டு கேரம் பலகை, ஆறு பெஞ்சு, நான்கு அலமாரி. பகலில் பத்திரிகை படிக்கிற கிழவர்கள் வருவார்கள். மாலை ஆறு மணிக்கு மேல் அறுபது எழுபது பிள்ளைகள் வந்து படிப்பார்கள். பாதிப் பேர் கிறிஸ்தவர்கள் அல்ல. நானும் கிறிஸ்தவன் அல்லன். ஆனால் என் வாழ்க்கையின் முதல் நாவலை நான் அந்த அறையில்தான் படித்தேன். வீட்டில் ஒரே விளக்கு. அந்த விளக்கடியில் ஐந்து பேர். சங்கத்தில் தலைக்கு மேல் ஒரு குழல்விளக்கு எனக்கென்றே எரிவதுபோல் இருந்தது. யார் என்று கேளாமல், எந்தக் கோவிலுக்குப் போகிறாய் என்று கேளாமல், இடம் கொடுத்தார்கள். அந்த அறைக்கு நான் பட்ட கடனை இதுவரை எழுதிய எந்தப் புத்தகத்தாலும் தீர்க்கவில்லை.

இப்போது அந்த ஓட்டுக் கூரை ஒழுகுகிறது. அது ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை, பெண்பிள்ளைகளுக்கு என்று தனி இடம் இல்லாதது. ஏழு மணி ஆனதும் பெற்றோர் வந்து அழைத்துப் போய்விடுகிறார்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பெண்கள் வருவதே இல்லை. ஆகவே கூரையை மாற்றி, பக்கத்தில் இரண்டு அறை கட்டி, ஒரு கழிப்பறையும் போட வேண்டும் என்று தீர்மானித்தார்கள். பொறியாளர் போட்டுக் கொடுத்த மதிப்பீடு 18 லட்சம்.

இந்தச் சமயத்தில்தான் ஒருவர் தாமாகவே வந்து 6 லட்சம் தருவதாகச் சொன்னார். வாசலில் ஒரு வளைவு கட்டி, அதில் அவருடைய தகப்பனார் பெயரைப் பொறிக்க வேண்டும். அது ஒன்றுதான் அவர் கேட்டது. ரசீதுப் புத்தகத்தின் முதல் தாளில் 6 லட்சம் என்று எழுதிவிட்டால், அடுத்த வீட்டுக்காரர் ஐந்நூறு ரூபாயை நீட்டக் கூசுவார், ஐயாயிரமாவது கொடுப்பார். வசூலுக்குப் போனவர்கள் எல்லாருக்கும் இந்த ரகசியம் தெரியும்.

"பிறகு என்ன தயக்கம்?" என்று கேட்டேன்.

சார் கொடுப்பவரின் பெயரைச் சொன்னார். நான் பேசவில்லை. எங்கள் பக்கத்தில் நாள் வட்டிக்கும் வார வட்டிக்கும் பணம் விடுகிறவர் அவர்.

வட்டித் தொழில் எங்கள் சீமைக்குப் புதிது அல்ல. கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-இல் ஒரு சட்டமே வந்தது. வந்தும் என்ன? 2017 அக்டோபரில் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமை என்று மனுக் கொடுத்துக் கொடுத்துச் சலித்த ஒரு தொழிலாளி, மனைவியோடும் இரண்டு பச்சைக் குழந்தைகளோடும் தீக்குளித்தார். நால்வரும் இறந்தார்கள். அந்தப் படத்தைப் பத்திரிகையில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நான் சொல்லும் மனிதருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் வட்டி என்ற சொல்லை எங்கள் ஊரில் யாரும் சாதாரணமாக உச்சரிப்பதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

சங்கத்தில் எட்டுப் பேர் வாங்கலாம் என்றார்கள். மூன்று பேர் கூடாது என்றார்கள். பொருளாளர் இளைஞர் எட்டுப் பேரில் ஒருவர். மறைக்காமல் சொன்னார்:

"நாம வாங்கலைன்னா அந்தப் பணம் என்ன ஆகும், அண்ணாச்சி? இன்னொரு வண்டி வாங்குவாரு. அந்த வண்டியிலேயே வசூலுக்கு வருவாரு. அதுக்குப் பதிலா நம்ம பிள்ளைங்க தலைக்கு மேல ஒரு கூரையா நின்னா நல்லதுதானே?"

இந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. நான் எழுதுகிற கதையாக இருந்தால் இரண்டே பக்கத்தில் கதாநாயகன் அந்த நோட்டுக்கற்றையைத் தூக்கி எறிந்திருப்பான், வாசகர்களும் மகிழ்ந்திருப்பார்கள். கதையில் கூரை ஒழுகுவதில்லை. ஒழுகினாலும் நனைகிறவர்கள் காகிதப் பிள்ளைகள்.

ஒரு வாரம் தவணை கேட்டேன். "கதை எழுதுறவுகளுக்கு மனுஷன் மனசு தெரியும்னு வந்தோம்" என்று சொல்லிவிட்டு சார் எழுந்தார். தெரியாது என்பதை அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்த ஒரு வாரம் என் அலமாரியைக் கிளறினேன். எங்கள் ஊர் வாலிபர் சங்கத்துக்கு வந்த சங்கடம் உலகத்துக்கே பழையது என்று தெரிந்தது. அதிலும் 1905 என்ற ஒரே ஆண்டில் இந்தச் சங்கடம் மூன்று இடங்களில் மூன்று விதமாகத் தலைகாட்டியிருக்கிறது.

முதலாவது, அமெரிக்காவில். பாஸ்டன் நகரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு மிஷன் சங்கத்துக்கு எண்ணெய் முதலாளி ராக்பெல்லர் ஒரு லட்சம் டாலர் கொடுத்தார். இந்தச் சங்கம் நமக்கு அந்நியம் அல்ல; யாழ்ப்பாணத்திலும் மதுரையிலும் பள்ளிகள் வைத்து நடத்தியது, மதுரை அமெரிக்கன் கல்லூரிக்கு வேர் ஊன்றியது, இதுதான். ஒஹையோ மாநிலத்துப் போதகர் வாஷிங்டன் கிளாடன் எழுந்தார். சிறிய வியாபாரிகளை நசுக்கிச் சேர்த்த பணம் கறைபட்ட பணம். அதைத் தொடக்கூடாது என்றார். நாடு முழுவதும் வாதம் நடந்தது. இடையில் ஓர் உண்மை வெளிப்பட்டது. அந்தப் பணம் தானாக வந்து விழவில்லை. மிஷன் சங்கத்தாரே போய்க் கேட்டு வாங்கியது! கேட்டதை முதலில் வெளியே சொல்லாமல் இருந்துவிட்டார்கள். பணம் திருப்பித் தரப்படவில்லை. ஆனால் பணத்தின் கறையைக் காட்டிலும் அந்த மௌனத்தின் கறை அவர்களுக்குப் பெரிதாகப் போயிற்று.

இரண்டாவது, லண்டனில். பெர்னார்ட் ஷாவின் 'மேஜர் பார்பரா' நாடகம் அந்த ஆண்டு மேடை ஏறியது. ஏழைகளுக்குச் சோறு போடும் இரட்சணிய சேனையின் விடுதி ஒன்று பணமில்லாமல் மூடும் நிலைக்கு வருகிறது. சாராய முதலாளி ஒருவர் ஐயாயிரம் பவுன் தருகிறேன் என்கிறார். வேறு செல்வர்கள் இன்னொரு ஐயாயிரம் சேர்க்க வேண்டும் என்று நிபந்தனை. அந்த இரண்டாவது ஐயாயிரத்தைப் பீரங்கி செய்து விற்கும் முதலாளி கொடுக்கிறார். அவர் மகள்தான் பார்பரா; அந்தச் சேனையில் மேஜர். குடியால் கெட்டவர்களைத் தேற்றுகிற இடத்தைக் குடியை விற்பவன் பணத்தால் காப்பதா என்று மனம் உடைந்து அவள் சீருடையின் சின்னத்தைக் கழற்றுகிறாள். ஆனால் ஷா லேசானவர் அல்ல. அந்தப் பணம் இல்லாவிட்டால் பசித்தவனுக்கு ரொட்டி இல்லை என்பதையும் நம் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார்.

மூன்றாவது, வாஷிங்டன் நகரில். அங்கே கிறிஸ்தவ வாலிபர் சங்கத்துக்குக் கட்டிடம் கட்ட வேண்டியிருந்தது. வார்டு, பியர்ஸ் என்று இரண்டு காரியதரிசிகள் ஒரு புதிய முறையைக் கண்டுபிடித்தார்கள். குறிப்பிட்ட நாட்களுக்குள் குறிப்பிட்ட தொகை. பத்திரிகைகளில் தினமும் செய்தி. முதலில் பெரும் செல்வர் ஒருவர் நிபந்தனையோடு பெருந்தொகை. எவ்வளவு சேர்ந்தது என்று முள் நகர்ந்து காட்ட ஊர் நடுவே ஒரு பெரிய கடிகாரம். இன்று உலகம் முழுவதும் நடக்கிற கட்டிட நிதி வசூலுக்கெல்லாம் தகப்பன் அந்தக் கடிகாரம்தான். எங்கள் சாரின் ரசீதுப் புத்தகத்து முதல் தாளும் அதன் பேரப்பிள்ளையே.

பெரும் பணம் எல்லாம் பாவம் என்று சொல்வது என் நோக்கம் அல்ல. சென்னையில் உயர்நீதிமன்றத்துக்கு எதிரே நிற்கிற வாலிபர் சங்கத்தின் சிவப்புக் கட்டிடத்தைப் பலர் பார்த்திருப்பார்கள். 1890-இல் தொடங்கிய அந்தச் சங்கத்துக்கு அந்தக் கட்டிடம் எழ முக்கியமாக உதவியது பிலடெல்பியா வணிகர் ஜான் வானமேக்கரின் பணம். இளமையில் அவரே தம் ஊர் வாலிபர் சங்கத்தில் சம்பளம் வாங்கிய காரியதரிசியாக இருந்தவர். தாம் உட்கார்ந்த பெஞ்சை மறவாதவர் கொடுத்த பணம் அது. இந்த இயக்கத்தின் தொடக்கமோ இன்னும் எளியது. 1844-இல் லண்டனில் ஜவுளிக்கடைச் சிப்பந்தியாக இருந்த ஜார்ஜ் வில்லியம்ஸ், பன்னிரண்டு இளைஞர்களாகக் கூடித் தொடங்கினார். கடைக்கு மேல்மாடியில் சிப்பந்திகள் படுக்கும் அறைதான் அவர்களுக்குச் சங்கக் கட்டிடம்.

நம் பக்கத்திலும் ஒரு நிகழ்ச்சி உண்டு. 1903-இல் பாளையங்கோட்டையில் அசரியாவும் அவர் நண்பர்களும் இந்திய மிஷனரி சங்கத்தைத் தோற்றுவித்தபோது, ஆளும் நம் ஆள், பணமும் நம் பணம், நிர்வாகமும் நம் நிர்வாகம் என்பதே கொள்கை. வாலிபர் சங்கத்தில் காரியதரிசியாக வேலை பார்த்தவர்தான் அசரியா. பனையேறி கொடுத்த கருப்பட்டியும், சமைக்கும்போது பெண்கள் ஒதுக்கிவைத்த கைப்பிடி அரிசியும் எங்கள் சீமையில் எத்தனையோ கோவில்களையும் பள்ளிகளையும் எழுப்பியிருக்கின்றன. வடகிழக்கே மிசோரத்தில் அந்தக் கைப்பிடி அரிசி நூறு ஆண்டுகளைத் தாண்டி இன்றும் ஒரு பெரிய நிதியாக விளங்குகிறது.

இவ்வளவு படித்தும் எனக்குத் தெளிவு பிறக்கவில்லை. ஆறாம் நாள் மாலை, நல்ல மழையில், குடையை எடுத்துக்கொண்டு படிப்பகத்துக்கே போனேன்.

நான்கு இடங்களில் சொட்டிக்கொண்டிருந்தது. வாளிகள் வைத்திருந்தார்கள். பெஞ்சுகளைச் சுவரோரமாக நகர்த்திவிட்டுப் பிள்ளைகள் நெருக்கியடித்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். கடைசிப் பெஞ்சில் ஒரு பையன், பன்னிரண்டாம் வகுப்பு. அம்மா பீடி சுற்றுகிறவள். அப்பா இல்லை. பேச்சுக் கொடுத்தேன். ஊரில் நடக்கிற பேச்செல்லாம் அவன் காதிலும் விழுந்திருந்தது.

"நீ என்னப்பா நினைக்கிறே? அந்தப் பணத்தை வாங்கலாமா?"

"நான் சொல்லலாமா, சார்?"

"உனக்குத்தானேப்பா கட்டிடம்?"

அவன் பேனாவை மூடினான். "வாங்கட்டும் சார். அது எங்க அம்மா பணம்தானே?"

நான் திகைத்துப் போனேன். அவன் கணக்குப் பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னான். பத்தாயிரம் என்று எழுதி வாங்கிக்கொண்டு கையில் 8,500 ரூபாய் கொடுத்தார். தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். ஒரு நாள் தவறினால் அதற்குத் தனி. அம்மா இப்போது வாங்கியிருப்பது மூன்றாவது பத்தாயிரம். இரண்டாவதைத் தீர்க்க வாங்கியது. நூறு நாளில் 1,500 ரூபாய்தானே என்று மேலோட்டமாகத் தோன்றும். ஆனால் அசல் நாள்தோறும் குறைந்துகொண்டே வருவதை எண்ணினால் உண்மையான வட்டி அதைப்போல் இரு மடங்கு என்று அவனே விளக்கினான். வணிகக் கணிதம் படிக்கிறானாம். நல்ல உதாரணம் வீட்டிலேயே கிடைத்திருக்கிறது!

"அப்படின்னா அவங்க அப்பா பேரை வாசல்ல போடுறதும் உனக்குச் சம்மதமா?"

இதற்கு அவன் உடனே பதில் சொல்லவில்லை. வாளியில் விழுகிற சொட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"பேரு வேண்டாம் சார். ராத்திரி என்னைக் கூப்பிட அம்மா இங்க வரும். அந்தப் பேரைப் பாத்தா வெளியிலயே நின்னுக்கிடும்."

ஒரு வாரம் நான் தேடிய விடையை அவன் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டான். நாங்கள் எல்லாரும் பணத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது சுத்தமா, கறையா என்று முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பணம் எத்தனையோ கை மாறி வருவது. என் புத்தகத்தை வாங்குகிறவர் எந்த வழியில் சம்பாதித்தார் என்று நான் கேட்டதுண்டா? ஆனால் நன்றி கை மாறி வருவதல்ல. அதை ஒருவன் நேராக நின்று செலுத்த வேண்டும். பணத்தைக் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தை இழந்தவர்களே தினமும் தலைகுனிந்து நுழைகிற வாசலில் தம் தந்தை பெயரை எழுதிவைப்பது, வட்டிக்கு மேல் இன்னொரு வட்டி. பீடி சுற்றுகிற அம்மாள் அதையும் கட்ட வேண்டுமா?

அன்றிரவு சகேயுவின் கதை நினைவுக்கு வந்தது. கிறிஸ்தவர் அல்லாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். வரி வசூலிக்கிறவன், செல்வன், குள்ளன். கூட்டத்தில் இயேசுவைப் பார்க்க முடியாமல் மரத்தில் ஏறி இருந்தான். அவர் அவன் வீட்டுக்கே விருந்தாளியாகப் போனார். மனம் மாறிய சகேயு செய்தது என்ன? தன் பெயரில் மண்டபம் கட்டவில்லை. சொத்தில் பாதியை ஏழைகளுக்கு என்றான். யாரிடமாவது அநியாயமாக வாங்கியிருந்தால் அவர்களுக்கு நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகச் சொன்னான். எடுத்த இடத்துக்கே போய்ச் சேர வேண்டும் என்ற கணக்கு அவனுக்குத் தெரிந்திருந்தது. அவன் வீட்டில் சாப்பிட இயேசு தயங்கவும் இல்லை. ஆகவே, கெட்டவன் முகத்தில் விழிக்க மாட்டோம் என்ற வீறாப்புக்கும் அந்த வேதத்தில் இடமில்லை.

ஏழையின் காசு என்றால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா என்ற கேள்வியும் எழுந்தது. இரண்டு செப்புக்காசைப் போட்ட ஏழை விதவையின் கதையை நன்கொடைக் கூட்டங்களில் பலமுறை கேட்டிருக்கிறேன். மாற்கு எழுதிய சுவிசேஷத்தில் அந்தக் கதைக்குச் சற்று முன்னால், விதவைகளின் வீடுகளை விழுங்குகிற வேத பண்டிதர்களைப் பற்றிய கடுமையான கண்டனம் இருக்கிறது. வசூலுக்குப் போகிறவர்கள் விதவையின் கதையைச் சொல்லுவார்கள்; அதற்கு முந்திய வரிகளைச் சொல்வதில்லை. ஏழை தானாகக் கொடுப்பது வேறு. பெயரை வாசிப்பார்களே, குறைவாகப் போனால் நாலு பேர் முன்னால் மானம் போகுமே என்று கடன் வாங்கிக் கொடுப்பது வேறு. அந்தக் கடனையும் நாள் வட்டிக்காரரிடம்தானே வாங்குவாள்?

திருவள்ளுவர் இரவு என்று ஓர் அதிகாரம் செய்தார். கையோடு இரவச்சம் என்று அடுத்ததையும் செய்தார். கேட்கவும் வேண்டும், கேட்க அஞ்சவும் வேண்டும் என்று அவர் இரண்டையும் அடுத்தடுத்து வைத்ததற்குக் காரணம் இல்லாமல் இராது. ஈகையைப் பற்றி மேடைகளில் ஓயாமல் பேசுகிறோம். கேட்பவனுடைய தர்மத்தைப் பற்றிப் பேசுவதில்லை. தனக்காகக் கேட்கிறவன் கூசுவான்; அந்தக் கூச்சம் அவனைக் காப்பாற்றும். பொதுக் காரியத்துக்காகக் கேட்கிறவனுக்குக் கூச்சமே வேண்டாம் என்று நாமே பாராட்டிப் பழக்கிவிட்டோம். 'எனக்கா கேட்கிறேன்?' என்ற ஒரு சொல்லைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு அவன் எந்த வாசலிலும் நிற்கலாம், எதையும் விற்கலாம்.

மணிமேகலைக் காப்பியத்தில் அமுதசுரபி வருகிறது. எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம். அப்படிப்பட்ட பாத்திரத்துக்கு எதற்கு ஒரு கைப்பிடிச் சோறு? ஆனாலும் முதல் பிச்சையை ஆதிரையிடம்தான் பெற வேண்டும் என்று காயசண்டிகை சொல்லுகிறாள்.  செல்வத்தையெல்லாம் கணிகையிடமும் சூதாட்டத்திலும் தோற்ற சாதுவனின் மனைவி, மாசற்றவள். ஊர்ப் பசியெல்லாம் தீர்க்கப் போகிற பாத்திரத்தில் முதலில் விழ வேண்டியது அவள் கையால் இட்ட சோறு. சாத்தனார் எத்தனை நூற்றாண்டுகளுக்கு முன்னால் இதை யோசித்திருக்கிறார்! வாஷிங்டன் கடிகாரத்துக்கு முதலில் பெரிய கை வேண்டும். அமுதசுரபிக்கு முதலில் நல்ல கை வேண்டும்.

மறுநாள் சாரிடம் என் மனத்தில் பட்டதைச் சொன்னேன். அவர் பணத்தை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். பெயர் வேண்டாம் என்று சொல்லுங்கள். எல்லாருக்கும் உள்ளதுபோல் வரிசையில் ஒரு ரசீது. அதற்கு முன்னால், படிப்பகத்துப் பிள்ளைகளின் வீடுகளுக்குக் கொடுத்த கடனில் வட்டியை விட்டுவிட முடியுமா என்று கேளுங்கள். இதைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. அவரும் உங்கள் மாணவர்தானே?

ஆம், அவரும் சாரிடம் பூகோளம் படித்தவர்தான்.

சாரும் போதகர் ஐயரும் போய்ப் பேசினார்கள். அவர் கோபப்படவில்லையாம். காப்பி கொடுத்து உபசரித்தாராம். "வட்டி தொழில் விஷயம், அதை இதோட சேக்காதிய. பேரு இல்லேன்னா நான் எதுக்கு சார் குடுக்கணும்?" என்று கேட்டாராம்.

"நியாயமான கேள்விதான் தம்பி" என்றார் சார் என்னிடம், தலையைத் தடவிக்கொண்டே.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. அவர் ஒரு பொருளை விலைக்கு வாங்க வந்தார். நாங்கள்தான் விற்கிறோம் என்று தெரியாமலே அதை விற்கப் பார்த்தோம்.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சங்கம் ஒரு அறிவிப்பு அச்சடித்தது. கடன் வாங்கி யாரும் கொடுக்க வேண்டாம். யாருடைய தொகையும் கோவிலில் வாசிக்கப்படாது. பெயர்ப் பலகை கிடையாது. முதல் ரசீதை நான் எழுதிக்கொள்கிறேன் என்று ஆசையாகச் சொன்னேன். "நீயும் பேருக்குத்தானே தம்பி அலையுதே?" என்று சிரித்துவிட்டார் சார். ஒன்றாம் எண் ரசீது படிப்பகத்துப் பிள்ளைகள் சேர்த்துக் கொடுத்த 340 ரூபாய்க்குப் போடப்பட்டது. முதல் தாளில் 340 என்று பார்த்தவர்கள் ஐம்பதும் நூறும் கொடுக்கக் கூசவில்லை. வெளியூரில் வேலை பார்க்கிற பழைய பிள்ளைகள் கைபேசி மூலமாகவே அனுப்பினார்கள். அறுப்பின் பண்டிகை ஏலத்தை மட்டும் சார் நிறுத்தவில்லை. வசதி உள்ளவர்கள் மீண்டும் மீண்டும் ஏலத்துக்கே திருப்பிக் கொடுத்து, ஒரு பூசணிக்காய் 11,000 ரூபாய் ஈட்டியது. இது மட்டும் பெருமைக்குக் கொடுப்பது இல்லையா என்று கேட்டேன். "இருக்கட்டும் தம்பி. பூசணிக்காயில பேரு நிக்காது. மறுநாள் குழம்பாயிரும்" என்றார்.

எட்டு மாதத்தில் சேர்ந்தது 7 லட்சத்து 40 ஆயிரம். பெண்பிள்ளைகளுக்கு ஓர் அறையும் கழிப்பறையும் எழும்பிவிட்டன. இரண்டாவது அறை இல்லை. பழைய கூரைக்கு மேல் தார்ப்பாய் கட்டியிருக்கிறார்கள்.

பொருளாளர் இளைஞர் இன்னும் என்னிடம் முழுதாகச் சமாதானம் ஆகவில்லை. "அந்த 6 லட்சத்தை வாங்கியிருந்தா இந்த மழைக்கு நனைய வேண்டியதில்லை, அண்ணாச்சி" என்று போன வாரமும் சொன்னார். அவர் சொல்வது உண்மை. நல்ல முடிவு என்று நாம் நினைப்பதற்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையைப் பெரும்பாலும் முடிவு செய்தவர்கள் கொடுப்பதில்லை. நான் என் வீட்டுக் கான்கிரீட் கூரைக்கு அடியில் உட்கார்ந்து சகேயுவையும் ஆதிரையையும் நினைத்துக்கொண்டேன். வாளி வைத்துப் படித்தவர்கள் அந்தப் பிள்ளைகள். இந்தக் கணக்கு என் மேல் நிற்கிறது. புத்தகத்துக்கு வருகிற பணத்தில் ஒரு பங்கை மாதாமாதம் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அதனால் கணக்குத் தீர்ந்தது என்று சொல்லமாட்டேன்.

இந்தப் புரட்டாசிக் கடைசியில் ஒருநாள் இரவு எட்டு மணிக்கு அந்தப் பக்கம் போனேன். தூறல். புது அறையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் விளக்கடியில் குனிந்து படித்துக்கொண்டிருந்தார்கள். பழைய அறையில் ஒரே ஒரு வாளி; சொட்டு விழுந்துகொண்டுதான் இருந்தது. அந்தப் பையன் இப்போது கல்லூரியில் முதல் ஆண்டு. அதே கடைசிப் பெஞ்சில் இருந்தான். அவனை அழைத்துப்போக வந்த அம்மா வெளியே நிற்கவில்லை. உள்ளே வந்து, பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, அவன் பக்கத்தை முடிக்கும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.